ஊரின் கடைசி முப்பது குடும்பங்கள்: ஊராட்சி எதில் தொடங்குவது?

நிதி ஆயோக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் பல்பரிமாண வறுமையில் (உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரக் குறைகளை வைத்து அளக்கும் வறுமை) இருந்தவர்கள் 2015-16இல் 4.76 சதவீதம். 2019-21இல் அது 2.20 சதவீதமாகக் குறைந்தது. 1,500 குடும்பங்கள் உள்ள ஒரு கிராம ஊராட்சிக்கு இந்த விகிதத்தை மேலோட்டமாகப் பொருத்திப் பார்த்தால் முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள் வரும். கல்வராயன் மலை ஊராட்சியில் இது கூடும், கோவை நகரை ஒட்டிய ஊராட்சியில் குறையும். எப்படியானாலும், மிச்சம் இருப்பவர்களைப் பெயர் சொல்லி எண்ணிவிடலாம் என்ற நிலைக்கு ஊர் வந்துவிட்டது.

ரேஷன் அரிசி, சத்துணவு, மகளிர் உரிமைத் தொகை, காப்பீட்டு அட்டை எல்லாம் மாநிலம் முழுவதற்கும் ஒரே அளவில் தைத்த சட்டைகள். பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தின. பொருந்தாமல் விடுபட்டவர்கள்தான் இந்த முப்பது குடும்பங்கள். அவர்களுக்காகச் சென்னையில் இன்னொரு திட்டம் தீட்டினாலும் அதே காரணங்களால் மறுபடியும் விடுபடுவார்கள். ஆகவே இங்கே ஊராட்சிக்குத்தான் வேலை. அதன் கையில் இருக்கும் பணமும் ஆளும் குறைவு என்பதால் எதில் தொடங்குவது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். உரிய ஆவணங்களையும் உதவித்தொகைகளையும் வாங்கித் தருவது, கூலி வேலை கொடுப்பது, சுய உதவிக் குழு வழியாகக் கடன் கொடுப்பது, ஆடு மாடு போன்ற சொத்து கொடுத்துத் தூக்கிவிடுவது, நோயாளிகளையும் குழந்தைகளையும் பராமரிக்கும் சேவை நடத்துவது என்று ஐந்து வழிகள் இருக்கின்றன. ஐந்தும் நல்ல வழிகள்தான். ஆனால் வரிசை தப்பினால் ஒன்று இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

அதற்கு முன், பட்டியல்

யார் அந்த முப்பது குடும்பம்? வீடு வீடாகப் போய் "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் பயன்படும் பதில் வராது. உள்ளவரும் குறைத்துச் சொல்வார், இல்லாதவருக்குச் சொல்லவே தெரியாது. 1990களின் தொடக்கத்தில் கேரளத்தின் ஆலப்புழை நகராட்சி வருமானத்தைக் கேட்பதையே விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் ஒன்பது குறைகளை எண்ணியது. ஒழுகும் வீடு, கழிப்பறை இல்லாமை, பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லாமை, நிலையான வேலைக்குப் போகும் ஒருவர்கூட இல்லாமை, எழுத்தறியாப் பெரியவர் என்று அந்தப் பட்டியல் போகும். பின்னாளில் குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழு இயக்கமாக வளர்ந்தது அந்த அணுகுமுறைதான். 2021க்குப் பிறகு கேரளம் அதீத வறுமைக் கணக்கெடுப்பு நடத்தியபோது அளவுகோல் நான்காகச் சுருங்கியது: உணவு, உடல்நலம், வருமானம், இருப்பிடம். தமிழ்நாட்டில் 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம், ஊரார் கூடி உட்கார்ந்து குடும்பங்களை வகைப்படுத்தும் 'மக்கள் நிலை ஆய்வு' முறையைக் கொண்டுவந்தது. மிக ஏழை, ஏழை என்று பிரித்த அந்தப் பட்டியல் பல ஊராட்சிகளில் இன்னும் கோப்பில் கிடக்கிறது. அதைத் தூசி தட்டி எடுத்துத் தொடங்கலாம். ஆனால் அப்படியே நம்பக் கூடாது. பத்துப் பதினைந்து ஆண்டில் பலர் மேலே ஏறியிருப்பார்கள், சிலர் கீழே விழுந்திருப்பார்கள்.

பட்டியல் எங்கெல்லாம் தவறுகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. குழுவில் உறுப்பினராக இல்லாத பெண், ஊர்க் கூட்டத்துக்கு வரமாட்டார். அவர் பெயரைச் சொல்லவும் ஆள் இருக்காது. மகன் வீட்டுத் திண்ணையிலோ மாட்டுக் கொட்டகையிலோ தனியாகச் சமைத்துச் சாப்பிடும் மூதாட்டி, ரேஷன் அட்டையில் மகன் குடும்பத்தோடு இருப்பதால் கணக்கில் வரமாட்டார். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்கள் கணக்கெடுப்பு நடக்கும் மாதத்தில் ஊரில் இருக்க மாட்டார்கள். புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் இருளர், நரிக்குறவர் குடும்பங்கள் எந்த வார்டு என்பதிலேயே தகராறு இருக்கும். ஆகவே கூட்டத்தில் தயாரான பட்டியலோடு நின்றுவிடாமல் நாலு பேரிடம் தனியாகக் கேட்க வேண்டும்: அங்கன்வாடிப் பணியாளர், 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர், ரேஷன் கடை விற்பனையாளர், தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். சாப்பிடாமல் வரும் பிள்ளை எது, மருந்து வாங்காத வீடு எது என்று இவர்களுக்குத் தெரியும். பிறகு பட்டியலில் ஐந்தில் ஒரு பங்கு வீடுகளை வேறு வார்டு ஆட்கள் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். வார்டு உறுப்பினரின் உறவினர் யாரேனும் உள்ளே வந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். கடைசியாக ஒரு வாரம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்துக் கிராம சபையில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. ஜனவரி 26இல் பட்டியலை வைத்தால் மார்ச் 22இல் திருத்தி முடித்துவிடலாம்.

காகித வழி: செலவு குறைவு, பலன் விரைவு

கேரளத்தின் அதீத வறுமைத் திட்டத்தில் 64,006 குடும்பங்கள் பட்டியலில் வந்தன. ஆட்களாக எண்ணினால் 1,03,099 பேர். அவர்களில் 21,263 பேருக்கு ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, உதவித்தொகை ஆணை போன்ற அடிப்படை ஆவணங்கள் இந்தத் திட்டத்தில்தான் கிடைத்தன. அதற்காக நடத்திய இயக்கத்துக்கு 'அவகாசம் அதிவேகம்' என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. எழுத்தறிவிலும் பொது விநியோகத்திலும் முன்னே நிற்கும் மாநிலத்திலேயே ஐந்தில் ஒருவருக்கு இந்த நிலைமை என்றால், வேறு எங்கும் இந்த வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கும் அதையே சொல்கிறது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 14,400. ரேஷன் அட்டை, மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா அட்டையாக மாறினால் மாதம் 35 கிலோ அரிசி. இரண்டும் சேர்ந்தால் தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் பசி அடங்கிவிடும். ஊராட்சி இதற்குத் தன் நிதியிலிருந்து கொடுப்பது ஆட்டோ வாடகையும் ஒளிநகல் செலவும்தான்.

எங்கே சிக்குகிறது? கடைசி வீடுகளில் கிடக்கும் விண்ணப்பங்களைப் பார்த்தால் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கும். ஆதாரில் பிறந்த தேதி தெரியாமல் ஏதோ ஒரு ஆண்டைப் போட்டு, அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு ஐம்பத்தைந்து என்று இருக்கும். பள்ளிக்கே போகாதவரிடம் திருத்தத்துக்குச் சான்று கேட்டால் எங்கே போவார்? இதை முடிக்காமல் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் இ-சேவை மையத்திலேயே திரும்பிவிடும். விதவை உதவித்தொகைக்குக் கணவரின் இறப்புச் சான்று வேண்டும். வெளியூரில் இறந்தவர், வீட்டிலேயே இறந்து பதிவு செய்யப்படாதவர் என்றால் சான்று இராது. இறந்து ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் ஆணை பெற்றுத்தான் பதிய முடியும். அதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கை வேண்டும். கணவர் விட்டுப் போன பெண்ணின் நிலை இன்னும் கடினம்: இறப்புச் சான்றும் இல்லை, விவாகரத்து ஆணையும் இல்லை. ஊர் விசாரணையில் அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் கொடுக்க வைப்பதுதான் அங்கே ஊராட்சி செய்யக்கூடிய பெரிய உதவி. "மகன் இருக்கிறார்" என்று தள்ளுபடியான மனுக்கள் தனி ரகம். மகன் திருப்பூரில் இருக்கிறார், பத்து வருடமாகப் பணம் அனுப்பியதில்லை என்பதை மனுவோடு எழுத்தில் இணைக்காவிட்டால் மேசையில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

பணம் ஆணையான பிறகும் கைக்கு வராமல் போவதுண்டு. வங்கிக் கணக்கு செயலிழந்திருக்கும், பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, ஆதார் வேறொரு கணக்கோடு இணைந்திருக்கும். வயல் வேலையில் ரேகை தேய்ந்தவருக்கு ரேஷன் கடைக் கருவி விரலை ஏற்காது. வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் ஏற்பாடு 2025 ஆகஸ்டில் வந்திருக்கிறது. பட்டியலில் உள்ளவர்களில் யாருக்கு அது வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பார்த்தாலே பாதி வேலை முடியும்.

இந்த வழியின் எல்லையையும் சொல்ல வேண்டும். உழைக்கத் தெம்புள்ள முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு உதவித்தொகை ஒரு பிடிமானம்தான், பிழைப்பு ஆகாது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய் என்று பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. அந்தத் தொகையை உயர்த்தும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை.

கூலி வேலை

நூறு நாள் வேலையின் கூலி 2025-26இல் தமிழ்நாட்டில் நாளுக்கு அதிகபட்சம் 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் 33,600. உதவித்தொகையைவிட இரு மடங்குக்கு மேல். வேலைக்கு வருபவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்பதால் பணம் அடுப்படிக்குப் போகிறது. நிலமில்லாத, உடல் வலுவுள்ள குடும்பத்துக்குக் கோடையில் இதைப்போல் கைகொடுக்கும் வழி வேறு இல்லை.

ஆனால் கடைசிக் குடும்பங்களைத் தேடினால் வேலைத்தளத்தில் அவர்கள் குறைவாகவே இருப்பார்கள். படுத்த படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டிலிருந்து யாரும் காலையிலிருந்து ஏரியில் நிற்க முடியாது. வேலை அட்டை மாமியார் வீட்டுப் பெயரோடு இருக்கும். ஊதியம் ஆதார் வழியாகத்தான் வரும் என்பதால் மேலே சொன்ன காகிதச் சிக்கல்கள் எல்லாம் இங்கேயும் வரும். கூலி மாதக்கணக்கில் தாமதமாகும்போது முதலில் நின்றுபோவது அன்றாடம் காய்ச்சிதான். காத்திருக்க அவருக்கு வசதி இல்லை. 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டத்தில் நாட்கள் 125 ஆகக் கூடியிருக்கின்றன. ஆனால் செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் விழுகிறது, விதைப்பு அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடம் இருக்கிறது. எனவே இதை ஊராட்சியின் ஒற்றைக் கருவியாக நம்பித் திட்டமிடுவது சரியல்ல. செய்ய வேண்டியது ஒன்று: பட்டியலில் உள்ள, வேலைக்கு வரக்கூடிய ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வேலை கேட்டு மனு வாங்கி, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டுக் கொடுப்பது. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் வேலை தராததற்கான உதவித்தொகையைக் கேட்க முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தண்ணீர் கொடுப்பது, பணித்தளத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற இலகுவான வேலைகளை ஒதுக்குவதும் ஊராட்சியின் கையில்தான் இருக்கிறது.

குழுக் கடன் ஏன் கடைசிக் குடும்பத்துக்கு முதல் மருந்து ஆகாது

தமிழ்நாட்டில் மகளிர் குழு இயக்கம் 1989இல் தருமபுரியில் தொடங்கியது. இன்று குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இல்லாத ஊராட்சி அரிது. ஏழைக் குடும்பம் ஒரு படி மேலே ஏற, கந்துவட்டியிலிருந்து வெளியே வர, குழுக் கடன்போல் உதவியது வேறில்லை. அதனாலேயே "மிக ஏழைக்கும் ஒரு கடன் போட்டுக் கொடுத்துவிடலாம்" என்று கூட்டத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் பிழை.

ஒரு கணக்கு. 50,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 சதவீதம் குறையும் வட்டி, 24 மாதத் தவணை. மாதம் சுமார் 2,354 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் சினை பிடிக்காத வெள்ளாடுகள் வாங்குகிறார் என்று வைப்போம். சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி விற்கும் அளவுக்கு வளர இன்னும் ஏழெட்டு மாதம். முதல் வரவு வர ஓராண்டு ஆகும். தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். அந்த ஓராண்டில் ஏறத்தாழ 28,000 ரூபாயை அவர் எங்கிருந்து கட்டுவார்? வெளியே நுண்கடன் நிறுவனத்தில் வாங்கிக் கட்டுவார், அல்லது தாய் ஆட்டையே விற்பார். இரண்டில் எது நடந்தாலும் குழுவில் பெயர் கெட்டு, அடுத்த கூட்டத்துக்கு வராமல் ஒதுங்குவார். ஏற்கெனவே ஊரில் தனித்திருந்தவர் இன்னும் தனிமைப்படுவார்.

ஆகவே இவர்களைக் குழுவில் சேர்ப்பது வேறு, கடன் கொடுப்பது வேறு. முதலாண்டில் சேமிப்பும் கூட்டத்தில் ஒரு இடமும் மட்டும் போதும். வாரம் இருபது ரூபாய் கட்ட முடியாதவருக்கு அதையும் தளர்த்தலாம். கூட்டமைப்பிடம் நலிவுற்றோருக்கான நிதி இருந்தால், மருத்துவத்துக்கும் உணவுக்கும் வட்டியில்லாமல் சிறு தொகை கொடுத்து, அறுவடைக்குப் பின் திரும்ப வாங்குவது கடனைவிட எவ்வளவோ மேல்.

ஆட்டுக்குட்டியும் கூடவே வரும் ஆளும்

சொத்து கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011இல் தொடங்கிய திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குத் தலா நான்கு ஆடுகள் விலையில்லாமல் கொடுத்தார்கள். சிலரிடம் நான்கு நாற்பதானது, சிலரிடம் ஆறு மாதத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆடு ஒன்றுதான், சூழ்நிலைதான் வேறு. மேய்ச்சல் நிலம் இருந்ததா, மழைக்கு முன் துள்ளுமாரி தடுப்பூசி போட்டார்களா, ஆட்டுக்கொல்லி நோய்க்குப் போட்டார்களா, அந்த ஆறு மாதமும் வீட்டில் சாப்பிட வேறு வழி இருந்ததா என்பதைப் பொறுத்தே முடிவு அமைந்தது.

வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002இல் இதற்கு ஒரு முறையை வகுத்தது. சொத்து, ஓராண்டு அளவுக்குச் சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு ஆள் என எல்லாமே ஒரே குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் போகும். இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு என்ற ஆறு நாடுகளில் செய்து பார்த்த ஆய்வின் முடிவுகள் 2015இல் வந்தன. பெரும்பாலான இடங்களில், உதவி நின்று ஓராண்டு ஆன பிறகும் குடும்பங்களின் சாப்பாடும் சொத்தும் முன்பைவிட மேலாகவே இருந்தன. ஹோண்டுராஸில் பலருக்குக் கோழிகள் கொடுத்தார்கள், நோய் வந்து செத்தன, பலனும் போயிற்று. பீகார் அரசு இதே வழியை 2018 முதல் 'சதத் ஜீவிகோபார்ஜன்' என்ற பெயரில் மகளிர் குழுக்கள் வழியாகவே நடத்துகிறது. தமிழ்நாட்டு ஊராட்சிக் கூட்டமைப்பு பார்த்துப் படிக்க வேண்டிய முன்மாதிரி அதுதான்.

நடைமுறையில் இரண்டு விஷயம் முக்கியம். சொத்தைக் குடும்பமே தேர்ந்தெடுக்க வேண்டும். கால் ஊனமுற்றவருக்கு ஆடு சுமை, பெட்டிக்கடை பிழைப்பு. சாலையோரம் வீடு இல்லாதவருக்குப் பெட்டிக்கடை வீண். மொத்தக் கொள்முதலில் ஒரே நாளில் நூறு ஆடு வாங்கினால் சந்தையில் விற்காத கழிவு ஆடுகள்தான் வந்து சேரும். பயனாளியே கால்நடை ஆய்வாளரோடு சந்தைக்குப் போய் வாங்குவதுதான் முறை. இரண்டாவது, கூடவே வரும் ஆள். அந்த ஆள் வாரம் ஒருமுறை வர வேண்டும், ஒன்றரை ஆண்டு வர வேண்டும். முதல் ஆடு இருமும் நாளில் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்ய ஆள் இருந்தால் ஆடு பிழைக்கும். இந்தச் செலவைத்தான் எல்லாத் திட்டமும் முதலில் வெட்டுகிறது. வெட்டியதும் அது வெறும் இலவச ஆடு வழங்கும் விழாவாகிவிடுகிறது.

பராமரிப்பு: யாரும் எண்ணாத வருமானம்

கடைசி முப்பது குடும்பங்களைப் புரட்டிப் பார்த்தால் ஏதேனும் ஒரு நீண்டகால நோயோ ஊனமோ இல்லாத வீடு குறைவாகவே இருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ். முதல்வர் காப்பீட்டில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆனால் மாவட்டத் தலைநகருக்குப் போய்வரும் வண்டிச் செலவையும், கூடப் போகும் மனைவி இழக்கும் கூலியையும் எந்த அட்டையும் தருவதில்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வீட்டில் விட்டு வெளியே போக முடியாத தாயும் அப்படித்தான். இங்கே ஒரு பராமரிப்புச் சேவை, நேரடியாக ஒரு கூலியை வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

கேரள ஊராட்சிகள் இதில் முன்னோடி. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் மலப்புறத்தில் அக்கம்பக்கத்தார் வலையமைப்பாகப் பரவியது. 2008இல் மாநிலக் கொள்கை ஆனது. இன்று ஊராட்சி நிதியில் செவிலியர் ஒருவர் வண்டியில் வீடு வீடாகப் போகிறார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு ஊராட்சிகள் நடத்தும் 'பட்ஸ்' பள்ளிகளும் அங்கே உண்டு.

தமிழ்நாட்டு ஊராட்சி தனியாகச் செவிலியரை நியமிக்க முடியாது. 2025-26 வரையிலான 15ஆவது நிதிக்குழு மானியத்தில், நிபந்தனையற்ற பகுதியைக்கூடச் சம்பளத்துக்குச் செலவிடக் கூடாது என்பது விதியாக இருந்தது. ஆனால் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலரும் வலி தணிப்புச் செவிலியரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். யார் வீட்டுக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்று ஊராட்சி கேட்டு எழுதிவைக்கலாம். டயாலிசிஸ் நாட்களுக்கு ஒரே ஆட்டோவில் இரண்டு நோயாளிகளை ஏற்றிவிட ஏற்பாடு செய்யலாம். அங்கன்வாடி நேரத்தை வேலை நேரத்தோடு பொருத்தும்படி ஒன்றியத்தில் கேட்கலாம்.

கேரளத்தைப் பார்த்து அப்படியே செய்யலாமா?

முடியாது. காரணத்தைத் தெரிந்துகொண்டால்தான் எதை எடுத்துக்கொள்வது என்று தெரியும். 1996இல் உள்ளாட்சிகளே திட்டமிடும் மக்கள் திட்டம் தொடங்கியபோது கேரளம் தன் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவமனை, வேளாண் அலுவலகம், அங்கன்வாடி எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பில் வந்தன. சமூக நல ஓய்வூதிய விண்ணப்பத்தை விசாரித்து ஒப்புதல் தருவதும் அங்கே உள்ளாட்சிதான். தமிழ்நாட்டில் அது வருவாய்த் துறை, சத்துணவு சமூக நலத் துறை, குழு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், ஆரம்ப சுகாதார நிலையம் மக்கள் நல்வாழ்வுத் துறை. ஊராட்சியின் பொது நிதியில் பெரும்பகுதி தெருவிளக்கு, குடிநீர், தூய்மைப் பணிகளுக்கே போய்விடுகிறது. ஒரே குடும்பத்துக்கு நான்கு துறை நான்கு திசையிலிருந்து வருகிறது, நான்கையும் ஒரே தாளில் பார்ப்பவர் யாரும் இல்லை.

எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: குடும்பத்துக்கு ஒரு தனித்திட்டம். கேரளம் முதலில் வடக்காஞ்சேரி நகராட்சியிலும் அஞ்சுதெங்கு, திருநெல்லி ஊராட்சிகளிலும் முன்னோட்டம் பார்த்து, பிறகு மாநிலம் முழுவதும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக எழுதியது. உடனே செய்ய வேண்டியது, சில மாதத்தில் செய்ய வேண்டியது, வீடு போல நீண்ட காலம் பிடிப்பது என்று வகைப்படுத்தினார்கள். 2025 நவம்பர் 1இல் அதீத வறுமை நீங்கியதாக அறிவித்தபோது கணக்கு இப்படி இருந்தது: 64,006இல் 59,277 குடும்பங்கள் மீண்டன. 4,421 ஒற்றை நபர் குடும்பங்களில் அந்த நபர் இறந்துவிட்டார். 261 நாடோடிக் குடும்பங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 47 பெயர்கள் இரட்டைப் பதிவு. அறிவிப்பின்மேல் பொருளாதார அறிஞர்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை; பழங்குடிக் குடும்பங்கள் எத்தனை விடுபட்டன என்பது அதில் முக்கியமானது. ஆனாலும் அந்த 4,421 என்ற எண்ணை ஒவ்வொரு ஊராட்சியும் மனத்தில் வைக்க வேண்டும். பட்டியலில் ஏறிய நூறு குடும்பங்களில் ஏழு, திட்டம் முடியும் முன்பே இல்லாமல் போய்விட்டன. இவர்களுக்கு ஒத்திவைக்க நேரம் இல்லை.

ஆக, வரிசை

முதல் மூன்று மாதம் காகிதமும் சாப்பாடும். முப்பது குடும்பத்துக்கும் ஆதார், ரேஷன், உதவித்தொகை, காப்பீடு, மாற்றுத்திறனாளி அட்டை என்று ஐந்து கட்டம் போட்ட தாள் ஒன்று. எது இல்லை, ஏன் இல்லை, எந்த மேசையில் நிற்கிறது, அடுத்து யார் எப்போது போகிறார். யார் போகிறார் என்ற இடத்தில் துறையின் பெயரை எழுதினால் வேலை நடக்காது, ஆளின் பெயர் வேண்டும். குடும்பங்களுக்கு வழிகாட்டும், கூட்டமைப்பின் சமூக வளப் பயிற்றுநர் ஒருவருக்குப் பத்துப் பதினைந்து குடும்பத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது.

நான்காம் மாதத்திலிருந்து பராமரிப்பு. அதன்பின், உழைக்கக்கூடியவர் ஒருவரேனும் இருக்கும் குடும்பங்களைப் பிரித்தால் முப்பதில் பத்துப் பன்னிரண்டு தேறலாம். அவர்களுக்கு மட்டும் சொத்து, அதுவும் முதலாண்டு நான்கைந்து குடும்பத்தோடு. முப்பதுக்கும் ஆடு வாங்கி முப்பதையும் கவனிக்க முடியாமல் போவதைவிட இது நல்லது. கூலி வேலை எல்லாக் காலத்திலும் பக்கத்தில் ஓடட்டும். கடன் இரண்டாம் ஆண்டு முடிவில், சொத்திலிருந்து வரவு வரத் தொடங்கிய பிறகு. வீடு தனிக் கதை: கலைஞர் கனவு இல்லத்துக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைத்தாலும் பட்டா இல்லாமல் தொடங்க முடியாது. எனவே பட்டா மனுவை முதல் மாதமே போட்டுவிட வேண்டும், பலன் எப்போது வந்தாலும் சரி. கட்டத் தொடங்கும்போது, தவணைப் பணம் வரும்வரை செங்கலுக்கும் கம்பிக்கும் வட்டிக்கு வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

இந்த முப்பது குடும்பத்தின் தேவைகளைக் கூட்டமைப்பு தயாரிக்கும் கிராம வறுமை ஒழிப்புத் திட்டத்தில் பெயரோடு சேர்த்து, அதைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இணைக்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடுவது அவசியம். தீர்மானத்தில் இல்லாத செலவுக்குத் தணிக்கையில் பதில் சொல்ல முடியாது.

அந்தத் தாள்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். 2025 ஜனவரி 5ஆம் தேதி 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 9,624 கிராம ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் போயின. தலைவரோடு சேர்ந்து அவர் நினைவில் இருந்த பெயர்களும் போய்விட்டால், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு படி ஊராட்சிச் செயலரிடம், ஒரு படி கூட்டமைப்பின் அலமாரியில், சாவி பொருளாளரிடம். ஒவ்வொரு மாதமும் கூட்டமைப்புக் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் முப்பது தாளையும் வாசித்துவிட்டு மற்ற பேச்சைத் தொடங்கலாம்.